சென்ற மாதம் எந்த மாதம்?

பழைய கடிதம் ஒன்றைக் கையில் எடுப்பவரின் கண் முதலில் அதன் திகதியையே நாடும். எழுதியவர் யார், எழுதிய காரணம் யாது என்பனவெல்லாம் அதற்குப் பின்னரே. திகதி தெளிவாக இருப்பின் செய்தி தனக்குரிய இடத்தில் அமர்ந்துகொள்ளும். தெளிவற்று இருப்பின் எத்துணைப் பெரிய செய்தியும் அந்தரத்திலே நிற்கும். ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய யாழ்ப்பாணத் தீவுகளைப் பற்றி ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பெற்ற அலுவலகக் கடிதங்களைப் படிப்போர் இந்த முதற் படியிலேயே இடறுவதுண்டு. அக்கடிதங்களின் உள்ளே நாள் இருக்கும். பல இடங்களில் மாதத்தின் பெயர் இராது. 5ஆம் நாள், 12ஆம் நாள், 28ஆம் நாள் என்று எண்ணை எழுதிவிட்டு, மாதத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் மூன்று சொற்களுள் ஒன்றை எழுதிவிடுவர். இன்ஸ்டன்ட், அல்டிமோ, புறொக்ஸிமோ என்பனவே அம்மூன்று சொற்கள்.

இவை பிறப்பால் இலத்தீன் சொற்கள். நிகழ்கின்ற மாதத்தில் என்பது இன்ஸ்டன்ட். கடந்த மாதத்தில் என்பது அல்டிமோ. அடுத்த மாதத்தில் என்பது புறொக்ஸிமோ. இலத்தீனில் மாதம் என்ற சொல்லும் கூடவே நின்றது. ஆங்கில எழுத்தாளர் கையில் மாதம் மறைந்து, அடைமொழி மட்டும் மிஞ்சியது. பின்னர் அதுவும் குறுகி இன்ஸ்ட், அல்ட், புறொக்ஸ் என முடிந்து, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு புள்ளி நின்றது. இறகுப் பேனாவால் நாள் முழுதும் பிரதி எழுதிய எழுதுவினைஞருக்கு இச்சுருக்கம் ஒரு வசதி. வணிகர் கடிதம், நீதிமன்ற அறிவித்தல், அரசாங்கக் கட்டளை, பத்திரிகைச் செய்தி ஆகிய யாவற்றிலும் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் இவ்வழக்கு வேரூன்றியிருந்தது. யாழ்ப்பாணக் கச்சேரியில் ஆங்கிலத்தில் எழுதக் கற்ற தமிழ் உத்தியோகத்தரும் இதனைக் கடித மரியாதையின் ஒரு பகுதியாகவே கற்றனர்.

இன்று இச்சொற்களின் நிலை வேறு. இன்ஸ்டன்ட் என்றால் வெந்நீரில் உடனே கரையும் கோப்பித் தூளே நினைவுக்கு வரும். பழைய கடிதத்தில் ஓர் அதிகாரி, 5ஆம் நாள் இன்ஸ்டன்ட் எழுதிய கடிதம் கிடைத்தது என்று குறித்திருந்தால், அக்கடிதம் உடனே கிடைத்தது என்று பொருள்கொள்ள இன்றைய வாசகர் முற்படுவார். அல்டிமோ என்ற சொல்லைக் காண்பவர் இறுதி என்ற பொருளை நாடி, அதிகாரி ஏதோ கடைசி எச்சரிக்கை விடுத்தார் என எண்ணவும் கூடும். இரண்டுமே பிழை. அவை மாதத்தைச் சுட்டும் சொற்கள், வேறெதனையும் அல்ல.

பொருள் தெரிந்துவிட்டால் இடர் நீங்கிவிடுமா எனின், முற்றும் நீங்காது. இம்மூன்றும் மாதத்தின் பெயர்கள் அல்ல. மாதத்தைக் காட்டும் விரல்கள். விரல் எதைக் காட்டுகிறது என்பது, அதை நீட்டியவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. நேற்று, இன்று, நாளை என்ற சொற்களின் இயல்பும் இதுவே. நேற்று என்று சொன்னவர் எந்நாளில் நின்று சொன்னார் என அறியாதவருக்கு அச்சொல்லால் பயன் இல்லை. அவ்வாறே, அல்டிமோ என்பது படிப்பவருக்குச் சென்ற மாதம் அன்று. எழுதியவருக்குச் சென்ற மாதம். கடிதத்தின் தலைப்பில் உள்ள திகதி கிழிந்தோ, செல்லரித்தோ, மை கலைந்தோ போயிருப்பின், உள்ளே இருக்கும் நாட்கள் யாவும் நங்கூரம் அறுந்த தோணிகள் போல் மிதக்கத் தொடங்கும்.

கடலாற் சூழப்பட்ட ஊர்களில் இந்த இடர் இருமடங்கு ஆகும். தபால் அங்கே காற்றைக் கேட்டு நடந்தது. தீவக மக்கள் ஆண்டினைக் காற்றாலும் பகுத்தவர்கள். தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். வைகாசியில் வலுக்கும் சோளகம் புரட்டாதி வரையில் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். தீவுகளில் தொலைவில் உள்ளதான நெடுந்தீவுக்கு அக்காலத்தில் பாய்த்தோணியே வழி. இன்று குறிகட்டுவான் துறையிலிருந்து இயந்திரப் படகில் ஏறுவோர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அத்தீவை அடைகின்றனர். ஆயினும் சோளகம் மிகும் நாட்களில் அந்தப் பயணமும் எளிதன்று.

நெடுந்தீவிலிருந்து ஓர் அதிகாரி யூலை 30ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 28ஆம் நாள் இன்ஸ்டன்ட், ஒரு தோணி பாரில் மோதி உடைந்தது என்பது செய்தி. எழுதியவர் எழுதியது சரியே. காற்றினால் படகு தடைப்பட்டு, கடிதம் ஓகத்து 3ஆம் நாள் கச்சேரிக்கு வருகிறது. அங்குள்ள எழுதுவினைஞர் மறுநாள் கொழும்புக்கு அதே செய்தியை எழுதவேண்டும். இப்போது இன்ஸ்டன்ட் என்பதை அவர் அல்டிமோ என மாற்றியாக வேண்டும். மாற்ற மறந்து, கண்டதைக் கண்டவாறே பிரதி செய்தாராயின், தோணி ஓகத்து 28ஆம் நாள் உடைந்ததாக ஆகிவிடும். இன்னும் வராத ஒரு நாளில் உடைந்த தோணியைப் பற்றிக் கொழும்பு அதிகாரி என்ன நினைப்பார்? யூலை, ஓகத்து என்ற பெயர்களை எழுதியிருந்தால் இக்குழப்பத்துக்கே இடமில்லை. தை மாதத் தொடக்கத்தை ஒட்டி எழுதப்பட்ட ஆங்கிலக் கடிதங்களில் வேறோர் இடர் உண்டு. சனவரி 5ஆம் நாள் எழுதிய கடிதத்தில் அல்டிமோ என வருவது முந்திய ஆண்டின் திசெம்பர். மாதம் மட்டுமன்றி ஆண்டும் மாறிவிடுகிறது.

இவ்வழக்கு ஆங்கிலேயருடன் மட்டும் வந்ததன்று. அவர்களுக்கு முன்னர் ஒல்லாந்தர் இத்தீவுகளை ஆண்டனர். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரை, 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வெளியேற்றினர். தாம் பிறந்த நாட்டின் நகரப் பெயர்களை அவர்கள் இத்தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. அனலைதீவு றொட்டடாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அவற்றுள் டெல்வ்ற் என்ற பெயரே ஆங்கில வழக்கில் உறுதியாக நிலைத்தது. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்ற பெயரோ அதற்கும் முந்தியது. துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது.

ஒல்லாந்தரின் ஏடுகளிலும் அல்டிமோ என்ற சொல் உண்டு. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஏறத்தாழ ஒன்று. பொருள் மட்டும் வேறு. ஒல்லாந்த வழக்கில் அல்டிமோ என்பது மாதத்தின் கடைசி நாள். அல்டிமோ ஓகத்து என்றால் ஓகத்து 31ஆம் நாள். மாதத்தின் முதல் நாளுக்குப் பிறிமோ என்பது சொல். சென்ற மாதத்தைச் சுட்ட அவர்கள் பஸ்ஸாத்தோ என்ற வேறொரு சொல்லை வைத்திருந்தனர். நிகழும் மாதத்துக்கு, இம்மாதத்தின் என்று பொருள்படும் தம் மொழிச் சொல்லையே எழுதினர். ஆகவே, கணக்கு முடிக்கும் நாளாக ஒல்லாந்தர் அல்டிமோ என்று எழுதிய இடத்தை, ஆங்கில வழக்கு மட்டும் அறிந்தவர் படித்தால் சென்ற மாதம் என்று கொள்வார். கடைசி நாள், சென்ற மாதமாக மாறிவிடும்.

1795ஆம் ஆண்டு செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடி ஒரே நாளில் மாறியது. ஏடுகளும் அவற்றை எழுதிய பழக்கமும் அவ்வாறு ஒரே நாளில் மாறுவன அல்ல. ஒல்லாந்தர் வகுத்த தோம்புகளும் காணிக் கணக்குகளும் புதிய ஆட்சிக்கும் தேவைப்பட்டன. ஆதலின், 18ஆம் நூற்றாண்டின் முடிவையும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்த யாழ்ப்பாண ஆவணங்களைப் படிப்போர், அல்டிமோ என்ற சொல்லைக் கண்டவுடன், எழுதிய மொழி எது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று.

நாட்காட்டி வரலாற்றில் இத்தீவுகளுக்கு வியப்பான ஓர் இடம் உண்டு. இன்று உலகெங்கும் வழங்கும் கிரகோரியன் நாட்காட்டியைப் போர்த்துக்கல் நாடு 1582ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஒல்லாந்தின் கடலோர மாகாணங்களும் தாமதமின்றி ஏற்றன. இங்கிலாந்து ஏற்றதோ 1752ஆம் ஆண்டில். ஆகவே, ஊர்காவற்றுறைத் துறையில் ஆட்சியாளர் எழுதிய ஏடுகள் புதிய நாட்காட்டியைப் பின்பற்றிய பின்னரும், நூறு ஆண்டுகளுக்கு மேலாக இலண்டன் நகரம் பழைய நாட்காட்டியிலேயே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடையே 10 நாள் வேறுபாடு. 1660ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மார்ச்சு 5 என்று எழுதிய நாள், ஆங்கிலேயருக்குப் பெப்ரவரி 24. ஒருவருக்கு நிகழும் மாதம், மற்றவருக்கு இன்னும் பிறவாத மாதம். மாதம் என்பது வானத்தில் எழுதப்பட்டதன்று; மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாடு என்பது இதனால் விளங்கும்.

அயலவரின் நாட்காட்டிகளுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு எனின், தமிழ் மாதம் வந்து சேரும்போது என்ன ஆகும்? இங்கேதான் இம்மூன்று சொற்களும் மெய்யான தொல்லையைத் தந்தன. தமிழிலும் இவற்றுக்கு நேரான சொற்கள் உண்டு. இம்மாதம், சென்ற மாதம், எதிர்வரும் மாதம் என்பன எல்லார்க்கும் தெரிந்தவை. பத்திரங்களிலும் மனுக்களிலும் நாளது என்றொரு சொல்லும் வழங்கியது. நாளது மாதம் என்றால் நிகழும் மாதம். நாளது வருடம் என்றால் நிகழும் வருடம். இன்ஸ்டன்ட் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் தேடினும் கிடைப்பது அரிது. பழைய தமிழ்க் கணக்கரும் சுருக்கெழுத்தை விரும்பியவர்களே. ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ எனக் குறிகள் வைத்திருந்தனர். மேற்படி என்பதற்கு ௸ என்ற குறி இருந்தது.

நாளது, மேற்படி ஆகிய இரண்டுக்கும் நுட்பமான வேற்றுமை ஒன்று உண்டு. நாளது என்பது எழுதுகிறவர் வாழும் காலத்தைச் சுட்டுகிறது. மேற்படி என்பது அதே தாளில் மேலே எழுதப்பட்டதைச் சுட்டுகிறது. முன்னது பொருள்பட வேண்டுமாயின் எழுதிய நாள் தெரியவேண்டும்; பின்னதற்குத் தாளின் மேற்பகுதி போதும். நூறு ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு மேற்படி உதவுவது போல நாளது உதவுவதில்லை.

ஆங்கிலக் கடிதத்தைத் தமிழாக்கும்போது நேரும் தவறு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். யூலை 10ஆம் நாளிட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்றில், 28ஆம் நாள் அல்டிமோ செய்த விண்ணப்பம் என்று வருகிறது. அது யூன் 28. தமிழ் மாதமோ ஆங்கில மாதத்தின் நடுவில் பிறப்பது. இக்காலக் கணக்கின்படி ஆனி மாதம் யூன் 15ஆம் நாளை ஒட்டிப் பிறக்கிறது. எனவே யூன் 28 என்பது ஆனி 14. கடிதம் எழுதப்பட்ட யூலை 10 என்பது ஆனி 26. இரண்டும் ஒரே ஆனி மாதத்துக்குள் அடங்குகின்றன. ஆங்கிலேயருக்குச் சென்ற மாதமாக இருப்பது தமிழருக்கு நாளது மாதம். மொழிபெயர்ப்பவர் சென்ற மாதம் 28ஆம் நாள் என்று எழுதிவிட்டால், தமிழ்க் கணக்கிலே வாழும் ஊரவர் அதனை வைகாசி 28 என்று கொள்வர். வைகாசி 28 யூன் 11ஐ ஒட்டி வரும். சொல்லுக்குச் சொல் சரியாகத் தமிழாக்கியும், 17 நாள் பிழைபட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் தவறவில்லை. உண்மை மட்டும் தவறிவிட்டது.

இந்த 17 நாள் சிறிதெனத் தோன்றலாம். விண்ணப்பத்துக்கு ஒரு தவணை, மேன்முறையீட்டுக்கு ஒரு தவணை, ஒற்றி மீட்க ஒரு தவணை என்று வாழ்ந்த மக்களுக்கு அது சிறிதன்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பெற்று, 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேயரால் சட்டமாக உறுதிசெய்யப்பட்டது. ஒற்றியைப் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. நிலத்தின் பயனை ஒருவர் உண்ண, பணத்தின் பயனை மற்றவர் உண்ணும் ஏற்பாடே ஒற்றி. அதனை மீட்பதற்குக் காலம் பார்ப்பது விளைவோடு ஒட்டிய முறை. விதைத்தவர் அறுக்கும் முன் நிலம் கைமாறினால் உழைப்பு யாருடையது என்ற வழக்கு எழும். அங்கே மாதம் என்பது வெறும் எழுத்தன்று. ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு.

மாதத்தின் நீளமும் எல்லார்க்கும் ஒன்றன்று. தமிழ் மாதம் கதிரவன் ஓர் இராசியைக் கடக்கும் காலம். ஆனியில் அக்கடப்பு மெல்ல நிகழும். மார்கழியில் விரைவாக நிகழும். அதனால் மாதங்கள் 29 நாள் முதல் 32 நாள் வரை நீளும். சித்திரை முதல் புரட்டாதி முடிய ஆறு மாதங்களுக்கு ஏறத்தாழ 187 நாட்கள். ஐப்பசி முதல் பங்குனி முடிய ஆறு மாதங்களுக்கு ஏறத்தாழ 178 நாட்களே. ஆறு மாதத் தவணை என்று சொன்னவர், தொடங்கும் மாதத்தைப் பொறுத்து 9 நாள் பெறவோ இழக்கவோ கூடும்.

ஆங்கிலேயர் சட்டமும் இதில் நேரான வழி சென்றதென்று சொல்வதற்கில்லை. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில், வேறு குறிப்பு இல்லாதவிடத்து, மாதம் என்பது 28 நாள் கொண்ட சந்திர மாதம். பாராளுமன்றச் சட்டங்களைப் பொறுத்தவரையில் 1850ஆம் ஆண்டில்தான் அது மாற்றப்பட்டது. சொத்து உறுதிகளைப் பொறுத்தவரையில் 1925ஆம் ஆண்டு வரை அவ்விதி நீடித்தது. 28 நாள் மாதம் ஆறு சேர்ந்தால் 168 நாட்கள். சனவரி முதல் யூன் முடிய உள்ள ஆறு மாதங்களோ 181 நாட்கள். இத்தகைய ஐயத்தை நீக்கும் பொருட்டே, சட்டவாசகங்களில் நாட்காட்டி மாதம் என்ற தொடர் விடாமல் எழுதப்பட்டது. இலங்கையில் 1901ஆம் ஆண்டின் பொருள்கோடற் கட்டளைச் சட்டம், மாதம் என்றால் நாட்காட்டி மாதமே என்று வரையறுத்தது. ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் வழக்காடியவருக்கும் கொழும்பில் வழக்காடியவருக்கும் மாதம் ஒன்றாயிற்று.

சட்டம் ஒன்றாக்கிய மாதத்தை வாழ்வு ஒன்றாக்கவில்லை. நயினாதீவு என்ற சிறு தீவைப் பார்த்தால் இது விளங்கும். நாகபூசணி அம்பாள் ஆலயத்தின் பெருந்திருவிழா ஆனி மாதத்தில் வருகிறது. அருகிலே உள்ள நாகவிகாரையில் வழிபடும் பௌத்தர், பூரணை நாளைக் கொண்டு மாதம் எண்ணுகின்றனர். அத்தீவின் இசுலாமியர், பிறை கண்டு மாதம் பிறந்ததென்று கொள்கின்றனர். அரசாங்கச் சம்பளம் ஆங்கில மாதத்தின் முடிவில் வருகிறது. ஒரே வீட்டிலும் இவ்வேறுபாடு உண்டு. பிறந்த நாள் தமிழ் மாதமும் நட்சத்திரமும் பார்த்து வருகிறது. முன்னோர் திவசம் திதி பார்த்து வருகிறது. பாடசாலைத் தவணை ஆங்கில மாதம் பார்த்து வருகிறது. இவர்கள் யாவரையும் நோக்கிச் சென்ற மாதம் என்று ஒருவர் சொன்னால், ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு மாதம் எழும். ஆனி என்றோ யூன் என்றோ சொன்னால் ஒரே மாதம் எழும்.

இவ்வுண்மையை இத்தீவின் பழைய நூல்களும் கல்லெழுத்தும் தம் வழியில் உணர்த்துகின்றன. புத்தர் நாகதீபத்துக்கு எழுந்தருளிய கதையை மகாவம்சம் கூறும்போது, அவர் ஞானம் பெற்ற 5ஆம் ஆண்டில், சித்திர மாதத்துத் தேய்பிறை உபோசத நாளில் என்று காலம் குறிக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில், மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்னும் பாத்திரம் மேலெழும் நாள் கூறப்படுகிறது. கதிரவன் இடப இராசியில் நிற்க, விசாக நட்சத்திரம் கூடும் நாள் அது. அம்மணிபல்லவம் நயினாதீவே என்று கருதும் அறிஞர் பலர் உள்ளனர். கதைகளை நம்புவோரும் உண்டு, ஆராய்வோரும் உண்டு. இரு சாராரும் கருதத்தக்க செய்தி ஒன்று இங்கே உள்ளது. மாதம் பெயராலோ இராசியாலோ சுட்டப்பட்டது. சொல்பவர் நின்ற நாளால் சுட்டப்படவில்லை. அதனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டும், எம்மாதம் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

நயினாதீவு அம்பாள் ஆலயத்தில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து 1963ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். அயல்நாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும் என்றும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்றும் அந்த ஆணை கூறுகிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால், பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்பதே இன்றைய ஊர்காவற்றுறை. இவ்வொழுங்கு எதுவரை நிற்கும்? சந்திரரும் சூரியரும் உள்ள வரை என்கிறது கல்வெட்டு. மாதத்தை உண்டாக்கும் இரு சுடர்களையுமே எல்லையாக வைத்த ஆணை அது. தன் காலத்தவர்க்கு மட்டுமன்றிப் பின்வருவோர்க்கும் பேசவேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

கச்சேரிக் கடிதத்தின் நோக்கம் வேறு. அது அடுத்த தபாலில் விடை வந்தால் போதும் என்று எழுதப்பட்டது. எழுதியவரும் படித்தவரும் ஒரே மாதத்தைத் தம் சுவரில் தொங்கவிட்டிருந்தனர். அவர்களுக்கு இன்ஸ்டன்ட் என்ற சொல் போதுமாயிருந்தது. அவர்களைக் குறைகூற இடமில்லை. ஆயினும் கடிதங்கள் எழுதியவரையும் படித்தவரையும் கடந்து வாழ்கின்றன. 20ஆம் நூற்றாண்டில் வணிகக் கடிதம் எழுதக் கற்பித்த ஆங்கில நூல்களே இச்சொற்களை விட்டு மாதத்தின் பெயரை எழுதுமாறு அறிவுறுத்தத் தொடங்கின. மெல்ல மெல்ல வழக்கொழிந்து, இன்று அவை பழைய ஏடுகளிலே மட்டும் காணப்படுகின்றன.

அந்தப் பழைய ஏடுகள் யாழ்ப்பாணத்தவர்க்கு இன்று முன்னிலும் அரியவை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது, ஓலைச்சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் மீளாவண்ணம் அழிந்தன. 1990ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் தீவக மக்கள் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். வீட்டோடு உறுதியையும், உறுதியோடு எல்லைக் கணக்கையும் இழந்தோர் பலர். தந்தையார் காணியை நிறுவ விரும்பும் ஒருவருக்கு, சுவடித் திணைக்களத்திலோ கச்சேரியிலோ தப்பிக் கிடக்கும் ஒரு பழைய கடிதத்தின் பிரதியே சான்றாக வாய்க்கக்கூடும். அதில் 28ஆம் நாள் அல்டிமோ என்ற ஒரு சொல் இருந்து, அதை அவர் பிழையாகப் படித்தால், உள்ள சான்றும் அவருக்கு எதிராகத் திரும்பக் கூடும்.

ஆகவே இவ்வேடுகளைப் படிப்போரும் தமிழாக்குவோரும் பிரதி செய்வோரும் கைக்கொள்ளவேண்டிய முறை எளியது. முதலில் கடிதத்தின் தலைப்புத் திகதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் எழுதியவர் எந்த மொழியில், எந்த நாட்காட்டியில் நின்று எழுதினார் என்று பார்க்கவேண்டும். அதன் பின்னரே அல்டிமோ என்பதைச் சென்ற மாதம் என்று தமிழாக்காமல், யூன் என்றோ திசெம்பர் என்றோ பெயரிட்டு, ஆண்டையும் சேர்த்து எழுதவேண்டும். தேவையாயின் அதற்கு நேரான தமிழ் மாதத்தையும் பக்கத்தில் வைக்கலாம். இது மூலத்தை மாற்றுவதாகாது. மூலம் சுட்டிய விரலின் முனையில் இருந்த பொருளை எடுத்துக் காட்டுவதே ஆகும்.

இன்று எழுதுவோர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஆலய நன்கொடைப் பற்றுச்சீட்டிலும், சங்கக் கூட்டக் குறிப்பிலும், கடல் கடந்த உறவினர்க்கு எழுதும் மடலிலும், சென்ற மாதம் என்று எழுதுவது எளிது. பேரன் ஒருநாள் அதைக் கையில் எடுப்பான். மாதத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தால், எந்தக் காற்று எத்தனை நாள் தோணியைத் தடுத்தாலும், செய்தி தன் துறையைச் சென்றடையும்.